வைரஸ் நிமோனியாவுக்கு எடுக்கும் நெஞ்சு சி.டி.: ரேடியாலஜி துறைத் தலைவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கு,

வணக்கம். சி.டி. கன்சோலில் உட்கார்ந்து வேலை பார்க்கும் டெக்னாலஜிஸ்ட் நான். உங்களிடம் ஒரே ஒரு விஷயம் கேட்கத்தான் இந்த மடல். வைரஸ் நிமோனியா என்ற சந்தேகத்தோடு வருபவருக்கு நெஞ்சு சி.டி. எடுப்பதற்கென்று, டோஸ் (கதிர்வீச்சு அளவு) குறைத்த தனி புரோட்டோகால், அதாவது முன்கூட்டியே பதிந்து வைத்த ஸ்கேன் அமைப்பு ஒன்று உங்கள் கருவியில் இருக்கிறதா? இல்லையென்றால் தயவுசெய்து உருவாக்குங்கள். இருக்கிறது என்றால், இரவு ஷிஃப்டில் இருப்பவர் உண்மையில் அதைத்தான் தேர்ந்தெடுக்கிறாரா என்று ஒரு தடவை பாருங்கள். நாங்கள் டெக்னாலஜிஸ்ட்கள் எவ்வளவு ஆசைப்பட்டாலும் புரோட்டோகாலை மாற்றும் அதிகாரம் எங்களிடம் இல்லை, படம் போதவில்லை என்று சொல்லப்போவதும் நீங்கள்தான், அதனால்தான் நேராக உங்களிடம் வருகிறேன்.

2020-இல் கொரோனா வந்தபோது யாருக்கும் நிதானமாக யோசிக்க நேரம் இருக்கவில்லை. ஆட்கள் வரிசையாக வந்தார்கள், ஒவ்வொருவருக்கும் பின்னால் கருவியைத் துடைக்க வேண்டும், அந்த நெருக்கடியில் பல இடங்களில் வழக்கமான ‘ரொட்டீன் செஸ்ட்’ அமைப்பிலேயே எல்லோருக்கும் எடுத்து அனுப்பினார்கள். அதைக் குற்றமாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்த நேரத்திலேயே பன்னாட்டு அணுசக்தி முகமை 28 நாடுகளின் மருத்துவமனைகளிலிருந்து விவரம் சேகரித்துப் பார்த்தது. ஒரே நோய், ஒரே கேள்வி, அப்படியிருந்தும் நாட்டுக்கு நாடு மட்டுமல்ல, ஒரே நாட்டுக்குள்ளேயே இடத்துக்கு இடம் டோஸ் பெரிய அளவில் மாறியிருந்தது. பலருக்குத் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்திருந்தார்கள், சிலருக்கு ஒரே அமர்வில் ஒன்றுக்கு மேற்பட்ட கட்டங்களாகவும், அதாவது அதே இடத்தையே மறுபடியும், எடுத்திருந்தார்கள். அவசரகாலம் முடிந்துவிட்டது. இன்ஃப்ளுயன்சா ஒவ்வொரு பருவத்திலும் வருகிறது, ஆர்.எஸ்.வி. என்ற இன்னொரு சுவாச வைரஸ் வருகிறது, கொரோனாவும் முழுதாகப் போய்விடவில்லை. அவசரத்தில் பழகிய பழக்கம் மட்டும் பல கன்சோல்களில் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. அதுதான் என்னை உறுத்துகிறது.

எண்களைச் சொல்லிவிடுகிறேன், உங்களுக்குத் தெரிந்தவைதான், ஆனால் இந்த மடலைப் படிக்கும் மற்றவர்களுக்கும் தெரிய வேண்டும். வழக்கமான நெஞ்சு சி.டி. ஒன்றின் டோஸ் சுமாராக 5 முதல் 7 மில்லிசீவர்ட் (உடம்பு வாங்கும் கதிர்வீச்சை அளக்கும் அலகு). மண்ணிலிருந்தும் காற்றிலிருந்தும் வானத்திலிருந்தும் இயற்கையாக ஒரு மனிதருக்கு ஒரு வருடத்தில் வந்து சேரும் கதிர்வீச்சு உலக சராசரியில் 2.4 மில்லிசீவர்ட். நுரையீரல் புற்றுநோயை முன்கூட்டியே கண்டுபிடிக்க எடுக்கும் லோ டோஸ் சி.டி. ஏறக்குறைய 1.5 மில்லிசீவர்ட்டில் முடிந்துவிடுகிறது. சில மில்லிமீட்டர் அளவுள்ள முடிச்சைத் தேடும் வேலைக்கே அந்த டோஸ் போதும் என்று நாம் எல்லோரும் ஒப்புக்கொண்டிருக்கிறோம். நுரையீரலின் இரண்டு பக்கமும் பரவிக் கிடக்கும் மங்கலான திட்டுகளைப் பார்க்க மட்டும் அதைப் போல நான்கு மடங்கு எதற்கு? கொரோனா காலத்திலேயே பெல்ஜியத்தில் சராசரியாக 0.56 மில்லிசீவர்ட் டோஸில் நெஞ்சு சி.டி. எடுத்து, நோயைக் கண்டறிய அது போதுமானதாக இருந்தது என்று வெளியிட்டார்கள். ஆக, ஒரு மில்லிசீவர்ட்டுக்குக் கீழேயும் வேலை நடக்கும்.

ஏன் நடக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் “டோஸைக் குறைத்தால் படம் கெட்டுவிடும்” என்ற பயம் இங்கேதான் அவிழும். டோஸைக் குறைத்தால் படத்தில் இரைச்சல், அதாவது புள்ளி புள்ளியான சொரசொரப்பு, கூடும், அதில் சந்தேகமே இல்லை. டோஸை நான்கில் ஒரு பங்காக்கினால் இரைச்சல் இரண்டு மடங்கு. கல்லீரலில் இது பெரிய பிரச்சினை, அங்கே கட்டிக்கும் சுற்றியுள்ள திசுவுக்கும் உள்ள வித்தியாசம், சி.டி.யில் அடர்த்தியைக் குறிக்கும் ஹவுன்ஸ்ஃபீல்ட் அலகில் சொன்னால், சில பத்து அலகுகள்தான், அதை நாம் 150 அகலமுள்ள குறுகிய விண்டோவில், அதாவது கறுப்பிலிருந்து வெள்ளை வரை காட்டும் எண் வரம்பில், பார்க்கிறோம், கொஞ்சம் இரைச்சல் ஏறினாலும் கட்டி அதற்குள் மறைந்துபோகும். நுரையீரலோ பெரும்பாலும் காற்று. காற்று நிறைந்த நுரையீரல் மைனஸ் 800 பக்கம் இருக்கும், அதில் ஒரு கிரவுண்ட் கிளாஸ் (மூடுபனி போன்ற மங்கலான) திட்டு வந்தால் அந்த இடம் பல நூறு அலகுகள் கூட மேலே ஏறிவிடும், காற்றிடம் முழுக்க அடைத்து வெள்ளையாகத் தெரியும் கன்சாலிடேஷன் என்றால் கேட்கவே வேண்டாம். பார்ப்பதும் 1500 அகலமுள்ள விண்டோவில். அமைதியான அறையில் பேசுவதற்குக் கத்த வேண்டியதில்லை, அவ்வளவுதான் விஷயம். அத்தோடு காற்று எக்ஸ்கதிரை அதிகம் விழுங்குவதில்லை, அதனால் வயிற்றைவிட நெஞ்சில் குறைந்த டோஸிலேயே போதுமான கதிர் டிடெக்டருக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. இரைச்சல் ஏறிய படத்தில் இரண்டு நுரையீரலுக்கும் நடுவிலுள்ள மீடியாஸ்டினம் அழகாக இருக்காது. நிணநீர் முடிச்சுகள் சொரசொரவென்று தெரியும். ஆனால் நீங்கள் அந்த நேரத்தில் கேட்கும் கேள்வி நுரையீரலைப் பற்றியது.

இதற்கு எல்லை இல்லை என்று நான் சொல்லவில்லை. உடல் பருமனானவர்களுக்குத் தோள்பட்டை மட்டத்தில் கதிர் போதாமல் கோடு கோடாக விழும், ஆரம்பகட்டத்தின் மிக மெல்லிய கிரவுண்ட் கிளாஸ் அந்த இரைச்சலில் காணாமல் போகவும் கூடும். அவர்களுக்கு டோஸ் கூடத்தான் வேண்டும். அதனால் உடல் அளவைப் பொறுத்து இரண்டு மூன்று படிகளாகப் புரோட்டோகால் வைத்தால் நல்லது. எல்லோருக்கும் ஒரே அளவு சட்டை தைக்கச் சொல்லவில்லை, ஒல்லியானவருக்கும் பருமனானவருக்கான டோஸையே கொடுக்காதீர்கள் என்கிறேன்.

சரி, எதைக் குறைப்பது? இங்கே ஒரு பொறி இருக்கிறது, நிறைய பேர் அதில் விழுகிறார்கள். கதிரின் ஊடுருவும் சக்தியைத் தீர்மானிக்கும் கிலோவோல்ட்டை 120-லிருந்து 100 ஆக்கினால், மற்ற எல்லாம் அப்படியே இருக்கும்பட்சத்தில், டோஸ் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறையும். ஆனால் மற்றதெல்லாம் அப்படியே இருக்காது, ஏனென்றால் கருவியில், கதிரின் அளவைத் தீர்மானிக்கும் மில்லியாம்பியரைத் தானாக ஏற்றி இறக்கும் வசதி ஓடிக்கொண்டிருக்கும். நீங்கள் அதனிடம் “எனக்கு இந்த அளவு இரைச்சலுக்கு மேல் வரக்கூடாது” என்று சொல்லி வைத்திருக்கிறீர்கள், அதை மாற்றாமல் கிலோவோல்ட்டை மட்டும் குறைத்தால் அது மில்லியாம்பியரை ஏற்றிவிடும், கடைசியில் டோஸ் எதிர்பார்த்த அளவு குறையாது. சில கருவிகளில், சேகரித்த தகவலிலிருந்து கணினி படத்தைக் கட்டும் முதல் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனின் தடிமனை மெல்லிதாக்கினால்கூட இதே கதைதான், மெல்லிய படத்துக்கு இரைச்சல் அதிகம் என்பதால் டோஸை அதுவாகவே ஏற்றும். ஆக, மாற்ற வேண்டியது எத்தனை இரைச்சல் வரை பொறுத்துக்கொள்வோம் என்ற அந்த எண்ணை. அந்த முடிவு உங்களுடையது. இரைச்சலைக் குறைக்கும் முறைகளான இட்டரேட்டிவ் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனோ டீப் லேர்னிங் ரீகன்ஸ்ட்ரக்‌ஷனோ இருந்தால், அது மிச்சப்படுத்தும் இரைச்சலை அழகான படமாக மாற்றிக்கொள்ளாமல் குறைந்த டோஸாக மாற்றிக்கொள்ளுங்கள். வெள்ளீய வடிகட்டி உள்ள கருவி என்றால் இன்னும் நல்லது, உடம்பிலேயே தங்கிவிடும் மென்கதிர்களை அது முன்கூட்டியே வடித்துவிடுவதால் கான்ட்ராஸ்ட் (ரத்தக் குழாயில் ஏற்றும் மருந்து) இல்லாத நெஞ்சு ஸ்கேனுக்கு மிகவும் பொருத்தம். இந்த வசதி வாங்கும்போதே கருவியோடு வந்து, ஒருவரும் தொடாமல் கிடக்கும் இடங்களும் உண்டு.

எங்கள் பக்கத்து வேலையையும் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. நோயாளியை, கருவியின் வளையமான கேன்ட்ரியின் நடுமையத்தில் சரியாகப் படுக்க வைப்பது சின்ன விஷயமாகத் தெரியும். டேபிள் சில சென்டிமீட்டர் தள்ளிப்போய், ஸ்கேனுக்கு முன் எடுக்கும் ஸ்கவுட் படத்தில் எக்ஸ்ரே டியூப் இருக்கும் பக்கத்துக்கு உடம்பு நெருங்கிவிட்டால், ஆள் உண்மையைவிடப் பெரியவராகத் தெரிவார், கருவி அதை நம்பி மில்லியாம்பியரை ஏற்றும். கை இரண்டையும் தலைக்கு மேல் தூக்க முடியாதவருக்கும் இதேதான், கைகள் நெஞ்சோடு சேர்ந்து கிடந்தால் டோஸும் ஏறும், படத்தில் கோடும் விழும். முடிந்தவரை தூக்க வைக்க வேண்டும், தலையணை கொடுத்து கைக்கு முட்டுக் கொடுத்தால் பலரால் முடியும். அப்புறம் ஸ்கேன் நீளம். நுரையீரல் உச்சியிலிருந்து கீழ்க்கோணம் வரை 30 சென்டிமீட்டர் போதும் என்கிற இடத்தில் “எதற்கும் இருக்கட்டும்” என்று 36 எடுத்தால் டோஸ் ஐந்தில் ஒரு பங்கு கூடிவிட்டது, அதில் மேலே தைராய்டும் கீழே கல்லீரலும் இரைப்பையும் சும்மா கதிர் வாங்கிக்கொள்கின்றன.

எல்லாவற்றையும்விட மூச்சு. மூச்சுத் திணறலோடு வருபவரை “மூச்சை நன்றாக இழுத்துப் பிடியுங்கள்” என்று மைக்கில் சொல்லிவிட்டுப் பட்டனை அழுத்தினால் அவரால் முடியாது. பாதி மூச்சில் எடுத்த நுரையீரல் முழுவதும் மங்கலாகத் தெரியும், அது கிரவுண்ட் கிளாஸ் மாதிரியே இருக்கும். அசைந்துவிட்டால் படம் கலங்கும், மறுபடி எடுக்கச் சொல்வார்கள், டோஸ் நேராக இரண்டு மடங்கு. புரோட்டோகாலில் பார்த்துப் பார்த்து மிச்சம் பிடித்ததெல்லாம் அந்த ஒரு ரிப்பீட்டில் போய்விடும். ஸ்கேனுக்கு முன்னால் பக்கத்தில் நின்று ஒன்றிரண்டு தடவை மூச்சுப் பயிற்சி கொடுக்க ஒரு நிமிடம் வேண்டும், பிட்சை ஏற்றி, அதாவது டேபிளை வேகமாக நகர்த்தி, ஸ்கேன் நேரத்தைச் சில வினாடிகளாகச் சுருக்க வேண்டும். அந்த ஒரு நிமிடத்தை அட்டவணையில் எங்களுக்குக் கொடுங்கள். ஒரு நாளைக்கு இத்தனை பேரை முடிக்க வேண்டும் என்று மட்டும் கணக்குப் பார்க்கும் துறையில் முதலில் காணாமல் போவது அந்த நிமிடம்தான்.

ஒரே ஸ்கேனில் எத்தனை கட்டம் என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. வைரஸ் நிமோனியாவைப் பார்க்க, கான்ட்ராஸ்ட் இல்லாமல் ஒரே ஒரு தடவை. நுரையீரல் தமனியில் ரத்தக்கட்டி என்ற சந்தேகம் உண்மையிலேயே இருந்தால் கான்ட்ராஸ்ட் கொடுத்து ஒரே ஒரு தடவை, அதற்கு முன்னால் கான்ட்ராஸ்ட் இல்லாத பிளெயின் ஒன்று தேவையில்லை, அதே படத்தில் நுரையீரலும் தெரியும். மூச்சை வெளியே விட்டு எடுப்பதும் குப்புறப் படுக்க வைத்து எடுப்பதும் குறிப்பிட்ட கேள்வி இருக்கும்போது மட்டும். இவை எல்லாம் புரோட்டோகாலுக்குள்ளேயே பொதிந்து கிடந்தால் எல்லோருக்கும் தானாக நடந்துகொண்டிருக்கும். திறந்து பார்த்து எடுத்துவிடுங்கள்.

ஸ்கேனுக்கு எழுதிக் கொடுக்கும் டாக்டர்களிடமும் நீங்கள் பேச வேண்டும், எங்களால் அது முடியாது. எடுக்கத் தேவையில்லாத ஸ்கேனுக்குக் குறைந்த டோஸ் என்று ஒன்று கிடையாது. அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி 2020 மார்ச்சிலேயே, கொரோனாவைக் கண்டுபிடிக்க முதல் பரிசோதனையாகவோ ஸ்கிரீனிங்காகவோ சி.டி.யைப் பயன்படுத்தக்கூடாது என்று சொல்லிவிட்டது. உலக சுகாதார நிறுவனமும் அந்த ஜூனில், ஆர்.டி.பி.சி.ஆர். பரிசோதனை கிடைத்து முடிவும் நேரத்துக்கு வருகிற இடத்தில் நோயை உறுதிசெய்ய இமேஜிங் வேண்டாம் என்ற பக்கமே நின்றது, பரிசோதனை கிடைக்காத அல்லது தாமதமாகும் இடங்களுக்கு மட்டும் வழி விட்டது. காரணம் டோஸ் மட்டும் இல்லை. அறிகுறி தொடங்கி முதல் இரண்டு நாட்களுக்குள் சி.டி. எடுத்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, அதாவது 36 பேரில் 20 பேருக்கு, நுரையீரல் சுத்தமாகவே இருந்ததாக 2020-இல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. ஜுரம் வந்த மறுநாளே ஓடிப்போய் எடுத்த சி.டி. நார்மல் என்று வந்தால், அது தரும் நிம்மதி தவறான நிம்மதி.

திரும்பத் திரும்ப எடுப்பது இன்னும் மோசம். 25-க்கு எத்தனை என்று ஒரு ஸ்கோர் போடுகிறோம், நுரையீரலின் ஐந்து மடல்கள் (பகுதிகள்), ஒவ்வொன்றுக்கும் ஐந்து வரை. முதல் ஸ்கேனில் அது நோயின் பரப்பைச் சொல்ல உதவுகிறது, மறுக்கவில்லை. ஆனால் அந்த எண் இறங்கியதா என்று பார்க்க மட்டும் நான்கு நாள் கழித்து ஒன்று, பத்து நாள் கழித்து ஒன்று என்று எடுப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. கொரோனா நிமோனியாவில் படத்தில் தெரியும் மாற்றம் அறிகுறி தொடங்கிய சுமார் பத்தாம் நாள்வாக்கில்தான் உச்சத்துக்குப் போகிறது, ஆள் தேறி எழுந்து நடந்த பிறகும் திட்டுகள் வாரக்கணக்கில் மறையாமல் நிற்கும். ஆக்சிஜன் அளவு ஏறுகிறது, மூச்சு சீராகிறது என்றால் படம் என்ன சொன்னாலும் சிகிச்சை மாறப்போவதில்லை. ஆள் திடீரென்று மோசமாகிறார், ரத்தக்கட்டி சந்தேகம் வருகிறது, மேலே பாக்டீரியா தொற்று சேர்ந்துவிட்டதா என்று தெரிய வேண்டும், மூன்று மாதம் கழித்தும் மூச்சு வாங்குகிறது, இப்படி ஏதாவது ஒன்று இருந்தால் தயங்காமல் எடுக்கலாம், எடுக்கத்தான் வேண்டும். வேண்டுகோள் படிவத்தில் “இந்த ஸ்கேனின் முடிவால் எது மாறும்?” என்று ஒரு வரி சேர்த்துப் பாருங்கள். முந்தைய சி.டி. எப்போது எடுத்தது என்பதற்கும் ஒரு வரி.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது பயந்து தேவையான ஸ்கேனை வேண்டாம் என்று சொல்லிவிடக்கூடாது. ஒரு சி.டி. என்றால் 300, 400 எக்ஸ்ரேக்குச் சமம் என்று ஒரு பேச்சு சுற்றி வந்தது. 7 மில்லிசீவர்ட் சி.டி.யை 0.02 மில்லிசீவர்ட் எக்ஸ்ரேயால் வகுத்தால் கணக்கு அப்படித்தான் வரும், தப்பில்லை. ஆனால் அதே சி.டி.யை 1 மில்லிசீவர்ட்டில் எடுத்தால் 50 ஆகிவிடுகிறது என்பதை அந்தப் பேச்சு சொல்லவில்லை. எக்ஸ்ரே எவ்வளவு குறைந்த டோஸ் என்பதையும் சொல்லவில்லை. அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் கவுன்சிலின் 2006 அறிக்கையின் கணக்குப்படி 10 மில்லிசீவர்ட் வாங்கிய ஆயிரம் பேரில் வாழ்நாளில் ஒருவருக்கு அதனால் புற்றுநோய் வரலாம், அதே ஆயிரம் பேரில் ஏறக்குறைய 420 பேருக்கு வேறு காரணங்களால் எப்படியும் வரும். இவ்வளவு குறைந்த டோஸில் அந்தக் கணக்கே ஓர் அனுமானம்தான். மூச்சு முட்டிக்கொண்டிருக்கும் ஒருவருக்கு இந்த அபாயம் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒரு தொற்று அலையில் லட்சக்கணக்கானவர்களை நாம் கருவிக்குள் அனுப்புகிறோம், தனி ஒருவருக்கு ஒன்றுமில்லாதது அங்கே கூட்டிப் பார்த்தால் ஆட்களாக மாறுகிறது. அதிலும் இருபது வயதுப் பெண்ணின் மார்பகமும் நுரையீரலும் அறுபது வயதுக்காரருடையதைவிடக் கதிரால் அதிகம் பாதிக்கப்படக்கூடியவை. இரண்டு பேருக்கும் ஒரே பட்டனை அழுத்தச் சொல்லாதீர்கள்.

குழந்தைகளுக்குத் தனிப் புரோட்டோகால் இல்லாத கருவியில் குழந்தைக்கு ஸ்கேன் எடுக்கவே கூடாது என்பது என் கருத்து. 80 கிலோவோல்ட்டே போதும் என்கிற சின்ன உடம்புக்குப் பெரியவர்களின் அமைப்பைக் கொடுப்பதற்குச் சமாதானம் எதுவும் கிடையாது. கர்ப்பிணிகள் விஷயத்தில் நேரெதிர் தப்பு நடக்கிறது, தேவையான நெஞ்சு சி.டி.யை மறுத்துவிடுகிறார்கள். நெஞ்சை மட்டும் எடுக்கும்போது கரு நேர்க்கதிரில் வருவதே இல்லை, சிதறி வரும் கதிர்தான், அது பெரும்பாலும் 1 மில்லிகிரேக்கும் (திசு உறிஞ்சும் கதிரின் அலகு) குறைவு. அதேபோல மார்பின் மேல் பிஸ்மத் கவசம் போட்டுவிட்டால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அது படத்தையும் கெடுக்கிறது, தானியங்கி மில்லியாம்பியரையும் குழப்புகிறது, அதே பலனை மில்லியாம்பியரைக் குறைத்தே அடையலாம்.

கடைசியாக, இதை எங்கிருந்து தொடங்கலாம் என்று. உங்கள் கருவியில் கடைசியாக எடுத்த 20, 30 நெஞ்சு சி.டி.களின் டோஸ் பக்கத்தைத் திறக்கச் சொல்லுங்கள். அதில் ஸ்கேன் முழுவதற்குமான கதிர் அளவைக் காட்டும் டி.எல்.பி. என்று ஒரு எண் இருக்கும், பெரியவர்களின் நெஞ்சுக்கு அதை 0.014-ஆல் பெருக்கினால் மில்லிசீவர்ட் தோராயமாகக் கிடைக்கும். 400 என்றால் 5.6, 100 என்றால் 1.4. நடுமதிப்பை எடுத்து உங்கள் நாட்டின் டயக்னாஸ்டிக் ரெஃபரன்ஸ் லெவலோடு (ஒப்பிடுவதற்கென்று வைத்திருக்கும் டோஸ் அளவு) ஒப்பிடுங்கள், ஆனால் அதற்குக் கீழே இருக்கிறோம் என்று அங்கேயே நின்றுவிடாதீர்கள். அந்த அளவு நான்கில் மூன்று பங்கு இடங்கள் ஏற்கெனவே தாண்டிவராத கோடுதான், அதுவும் பொதுவாக எல்லா வகை நெஞ்சு ஸ்கேன்களுக்கும் சேர்த்து வைத்தது. வைரஸ் நிமோனியாவுக்கு உங்கள் எண் அதைவிட மிகவும் கீழே இருக்க வேண்டும். பிறகு ஒரு மதிய நேரம் நீங்களும் மெடிக்கல் பிசிசிஸ்ட்டும் எங்களில் ஒருவரும் கன்சோல் முன்னால் சேர்ந்து உட்காருவோம். ஒரேயடியாக 1 மில்லிசீவர்ட்டுக்கு இறக்க வேண்டாம், ஒவ்வொரு தடவையும் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் குறைத்துக்கொண்டே போய், ஒவ்வொரு படியிலும் சில படங்களை நீங்களே பார்த்துச் சொல்லுங்கள். இதற்குமேல் முடியாது என்று நீங்கள் சொல்லும் இடத்தில் ஒரு படி ஏற்றி நிறுத்திக்கொள்வோம், அதற்கு ‘வைரஸ் நிமோனியா லோ டோஸ்’ என்று பெயர் வைத்துப் பட்டியலில் ‘ரொட்டீன் செஸ்ட்’டுக்கு மேலே வைத்துவிடுவோம், இரவில் தனியாக இருப்பவரின் கண்ணில் அதுதான் முதலில் படும்.

அன்புடன்,
ஒரு சி.டி. டெக்னாலஜிஸ்ட்